கை நனைத்த வீடுகள்

போடிமெட்டைத் தாண்டி ஓர் ஏலத்தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடு ஒன்றின் முன்னறையில், கண்ணாடி டம்ளரில் ஆறிக்கொண்டிருந்த, பால் சேர்க்காத ஒரு கட்டன் சாயா எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதன் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். தலையில் முக்காடு, கழுத்தில் விசில், காலில் சேறு அப்பிய ஷூ. அன்று அடித்த குளிரில் யார் எதைச் சூடாகக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்கிக் குடிக்கத் தோன்றும். அவரோ டம்ளரைத் தொடவே இல்லை. "குடிங்க டீச்சர், ஆறிப்போகுதுல்ல" என்று வீட்டுக்காரம்மா கெஞ்சினார். "மொதல்ல பிள்ள வெளயாடுறதப் பாத்துட்டு வந்துர்றேன் ஆத்தா. பெறகு சாயா என்ன, சோறே திங்கிறேன்" என்று சிரித்தபடி அவர் எழுந்து போய்விட்டார். அவர் கம்பத்தில் ஒரு பெண்கள் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். நான் போடிநாயக்கனூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் அதே வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். இருவரும் மலையேறியது ஒரே காரியத்துக்குத்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்க்க, கால்பந்து ஆடும் பெண்களைத் தேடி வந்திருந்தோம்.

நான் பக்கத்து வீட்டில் கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் ஒருமுறைக்கு இருமுறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவ வெளியே வந்தபோதுதான் இந்தக் காட்சியைப் பார்த்தேன். மலையிறங்கும் ஜீப்பில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்த வீட்டுப் பிள்ளைய எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டார். இன்னும் அந்தப் பெண்ணின் ஆட்டத்தையே பார்க்கவில்லை என்றேன். "பாக்காமலா கை நனச்ச?" என்று அவர் போட்ட சத்தத்தில் ஜீப்பில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. பெண் பார்க்கப் போன வீட்டில், சம்மதம் ஆகும்வரை மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அந்த வழக்கத்தைத் தோட்டத்து மக்கள் அப்படியே கல்லூரிக்கும் வைத்துக்கொண்டிருந்தார்கள். மகளைக் கேட்டு வந்த டீச்சர் வீட்டில் சாப்பிட்டால், மகளுக்கு இடம் உறுதி. அதன்பின் அந்த வீட்டார் வேறு கல்லூரிக்கு முயற்சி செய்ய மாட்டார்கள், வேறு கல்லூரிக்காரரும் அந்த வாசலை மிதிக்க மாட்டார்.

"இப்ப நான் என்னக்கா செய்யிறது?" என்றேன். "செய்யிறதுக்கு என்ன இருக்கு? தின்னுட்டேல்ல, எடுத்துக்க" என்றார். எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு வலது கால் எது, இடது கால் எது என்பதிலேயே சந்தேகம் உண்டு. ஆனாலும் மூன்று வருடம் எங்கள் அணியில் சந்தோஷமாக இருந்தாள், பட்டமும் வாங்கினாள். அன்று முதல் கம்பத்துக்காரர் எனக்கு அக்கா ஆனார்.

அக்கா கம்பத்தில் மளிகையும் மசாலாச் சாமானும் விற்கும் ராவுத்தர் குடும்பத்தில் பிறந்தவர். அதேபோல் ஒரு கடைக்காரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். பேச்சில் கடைக்காரரின் கறார் இருக்கும். ஆட்டத்தைப் பார்க்கும்போது மட்டும் வாயே திறக்க மாட்டார். மலையில் நடப்பது அணிக்கு ஏழு பேராக ஆடும் செவன்ஸ் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாததால் அன்றுதான் எல்லாத் தோட்டத்துப் பெண்களும் கூடுவார்கள். மைதானம் என்று பெயர், உண்மையில் அது ஒரு சரிவு. பந்து கைமீறினால் ஏலச்செடிகளுக்குள் போய்த் தேட வேண்டும். மேலிருந்து கீழே ஆடும் அணியில் எல்லோரும் புலியாகத் தெரிவார்கள். ஆகவே, ஒரு பெண் கீழிருந்து மேலே ஆடும் பாதியை மட்டும் பார்த்தால் போதும் என்பது அக்காவின் கட்சி. செவன்ஸில் ஆஃப்சைடு கிடையாது, கோல் கம்பமும் சின்னது. அதனால் அங்கே எல்லோரும் தரையோடு தரையாகத்தான் அடிப்பார்கள். அப்படி ஆடிப் பழகிய காலை, பதினொரு பேர் ஆடும் பெரிய ஆட்டத்துக்குத் திருப்பி எடுப்பதுதான் கல்லூரியில் எங்கள் வேலை.

அக்காவுக்கும் எனக்கும் நட்பு இருந்த அளவுக்குப் போட்டியும் இருந்தது. பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளை மண்டலங்களாகப் பிரித்திருந்தது. மண்டலத்தில் ஜெயிக்கும் ஓர் அணிதான் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். போடியும் கம்பமும் ஒரே மண்டலம். ஆக, எங்களில் ஒருவர் போனால் மற்றவர் வீட்டில் இருக்க வேண்டியதுதான். மண்டல இறுதியாட்டம் என்றால் மலையிலிருந்து ஜீப் ஜீப்பாக ஆட்கள் இறங்குவார்கள். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டுப் பெண்கள் எதிரெதிர் அணியில் நிற்பார்கள். அன்று மட்டும் அக்கா என்னோடு பேச மாட்டார். நான் பேசினாலும் விசிலைத் துடைப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மறுநாள் காலையில் போன் வரும், "சாப்டியா தங்கச்சி?" என்று. அவர் ஜெயித்த மறுநாள் என்றால் அந்தக் கேள்வியில் கொஞ்சம் குசும்பும் இருக்கும்.

பிறகு ஒரு வருடம், மண்டலங்களைத் திருத்தி அமைத்துச் சுற்றறிக்கை வந்தது. போடியை மதுரை நகரத்துக் கல்லூரிகளோடு சேர்த்துவிட்டார்கள். கம்பத்தைத் திண்டுக்கல் பக்கம் தள்ளிவிட்டார்கள். யாரோ ஒரு அறையில் உட்கார்ந்து வரைபடத்தில் கோடு போட்டிருக்க வேண்டும். ஒரே மலையின் அடிவாரத்தில் இருக்கும் இரண்டு ஊர்கள் என்பதை அந்தக் கோட்டுக்குச் சொல்ல ஆள் இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நகரத்து மைதானங்களுக்கு எங்கள் பெண்கள் விடியுமுன் பஸ் பிடித்துப் போக வேண்டும், பெற்றவர்கள் வந்து பார்க்க வழியில்லை. போகவரச் சிரமம் என்று எங்கள் நிர்வாகம் கால்பந்துக்கான இடங்களைக் குறைத்தது. கம்பத்திலும் அதே கதை. ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய விளைவை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. நகரத்துக் கல்லூரிக்காரர்கள் எங்கள் பெண்களின் ஆட்டத்தை முதல்முறையாகப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். அடுத்த சேர்க்கைக்கு அவர்களும் மலையேறிவிட்டார்கள்.

வந்தவர் நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வேனில் வந்தார், ஆட்டம் பார்த்தார், ஒரே லயத்தில் ஐந்து பெண்களின் வீட்டுக்குப் போனார். போன இடமெல்லாம் இலை போட்டார்கள். அவருக்கும் பசி. ஐந்து வீட்டிலும் மனம் குளிரச் சாப்பிட்டு, "ஐஞ்சு பேருமே நல்லா ஆடுறாங்க" என்று வாழ்த்திவிட்டுப் போனார். அவர் ஊரில் அது வெறும் விருந்தோம்பல். லயத்தில் அது ஐந்து சத்தியம். கை நனைத்த வீடு என்பதால் அக்காவும் போகவில்லை, நானும் போகவில்லை. நகரத்துக் கல்லூரியின் பட்டியல் வந்தபோது, ஐந்தில் கோல் அடிக்கும் ஒரு பெண்ணின் பெயர் மட்டும் இருந்தது. மற்ற நால்வரும் வேறெங்கும் விண்ணப்பிக்கவே இல்லை. கல்லூரிகளில் சேர்க்கை முடியும் நேரம். இடம் கிடைக்காவிட்டால் அந்தப் பெண்கள் அடுத்த திங்கட்கிழமை தாய்மாரோடு ஏலக்காய் எடுக்கப் போக வேண்டும். ஒருமுறை கூடையைத் தூக்கிய பெண் மறுபடி புத்தகத்துக்கு வருவது எவ்வளவு கஷ்டம் என்று மலையேறிப் பழகிய எங்கள் இருவருக்கும் தெரியும்.

நால்வரில் பேச்சி என்று ஒருத்தி, கோல் காப்பவள். அவளுடைய ஆத்தாதான் அக்காவுக்குப் போன் செய்து அழுதிருக்கிறார். அக்கா என்னைக் கூப்பிட்டார். "நாளைக்கி மலைக்கி வர்றியா? ஒங்கிட்ட எத்தன எடம் மிச்சம்?" என்னிடம் ஒன்றுதான் மிச்சம். அவரிடம் இரண்டு. ஒரே மண்டலத்தில் இருந்த காலத்தில் இந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கவும் மாட்டார், நான் பதில் சொல்லியிருக்கவும் மாட்டேன். எங்களைப் பிரித்த சுற்றறிக்கைதான் முதல்முறையாக எங்களை ஒரே அணியாக ஜீப்பில் உட்காரவைத்தது.

அது நோன்பு மாதம். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க அக்கா ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. போகும் வழியிலேயே பேசி முடித்துவிட்டோம். நல்ல உயரமும் கால்வேகமும் உள்ள ஜோதி எனக்கு, தடுப்பாட்டம் ஆடும் இரண்டு பெண்கள் அவருக்கு. பேச்சி குட்டை. செவன்ஸ் கம்பத்துக்கு அவள் போதும், பெரிய கோல் கம்பத்தில் மேல்மூலைக்கு அவள் கை எட்டாது. நான் இதை ஒளிக்காமல் சொன்னேன், அக்காவும் மறுக்கவில்லை. "அவ ஆத்தாகிட்ட நானே சொல்லிர்றேன். என்னையத்தான கூப்புட்டாக" என்றார்.

லயத்தில் நாங்கள் நினைக்காத சிக்கல் காத்திருந்தது. ஏற்கெனவே ஒருவர் சாப்பிட்டுவிட்டு ஏமாற்றிவிட்டதால், வெறும் வாய்வார்த்தையை நம்ப யாரும் தயாராக இல்லை. "எடம் உண்டுன்னா ஒரு வாய் சாப்பிடுங்க டீச்சர்" என்றார் ஒரு தகப்பனார். அக்கா நோன்பு என்று சொன்னதும், அவர் எடுக்கும் பெண்களின் வீட்டுச் சோற்றையும் அவருக்குப் பதிலாக நானே சாப்பிட்டுவிடுகிறேன் என்றேன். பேச்சியின் ஆத்தா ஒப்பவில்லை. "நீங்க உண்டா அது போடிக்குத்தேன். கம்பத்துக்கு அவுகதேன் உண்ணணும். ரெண்டாவது தடவையும் நாங்க ஏமாற முடியாதுல்ல?" என்றார். அதில் குத்தல் இல்லை, நியாயம்தான் இருந்தது. அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, நோன்பு தெறக்கிற நேரம் வரைக்கும் இருக்கேன். வீடு வீடா வர நேரமிருக்காது, நாலு வீட்டுச் சோறும் இங்கயே வரட்டும்." ஜீப் டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மேடம், மூடுபனி எறங்கிருச்சுன்னா ரோடே தெரியாது. வெரசா கெளம்பணும்." "நீயும் வந்து உக்காருப்பா, ஒனக்கும் சேத்துத்தேன் வருது" என்றார் அக்கா.

சூரியன் மேற்குச் சரிவில் இறங்கும்வரை காத்திருந்தோம். பேச்சியின் வீட்டு முற்றத்தில் பாய் விரித்தார்கள். நான்கு வீட்டிலிருந்தும் நான்கு தட்டுகள் வந்தன. ஹலாலாக அறுக்காத கோழி அக்காவுக்கு ஆகாதோ என்று அவர்களாகவே யோசித்து, எல்லா வீட்டிலும் மீன் வைத்திருந்தார்கள். நான்கு பெண்களும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். விளையாடும்போது வாய் ஓயாத பெண்கள், இருப்பது மூன்று இடம்தான் என்று அதற்குள் தெரிந்துவிட்டதால், அன்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நேரம் ஆனதும் அக்கா பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்துப் பிஸ்மி சொல்லி வாயில் போட்டார், தண்ணீர் குடித்தார். நான் ஜோதி வீட்டுத் தட்டை என் பக்கம் இழுத்துக் கை நனைத்தேன். ஜோதி அங்கேயே குத்தவைத்து முகத்தை மூடிக்கொண்டாள். அக்கா அடுத்த தட்டில் ஒரு வாய், அதற்கடுத்த தட்டில் ஒரு வாய் சாப்பிட்டார். அவருடைய இரண்டு இடமும் அதோடு முடிந்தது.

நான்காவது தட்டு இன்னும் பேச்சியின் ஆத்தா கையில் இருந்தது. அதைப் பாயில் வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவர் நின்றார். வழியில் பேசிவைத்ததை அக்கா இப்போது சொல்லப்போகிறார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னிடம் இல்லாத இடத்துக்கு நான் கை நனைக்க மாட்டேன். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பேச்சி சுவரைவிட்டு நகர்ந்து, ஆத்தாவின் முழங்கையைத் தொட்டு, "உள்ள கொண்டு போயிரும்மா" என்றாள். அழுகை இல்லாமல் சொன்னாள். அக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஆட்டம் பார்க்கும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு சோறு ஒட்டிய கையை நீட்டினார்.

"கொண்டா ஆத்தா."

மற்ற இரண்டு தட்டிலும் ஒரு வாய்தான். இந்தத் தட்டை முழுக்கச் சாப்பிட்டு முடித்தார். பனிக்குள் ஜீப் ஊர்ந்து இறங்கியபோது, "அக்கா, ரெண்டு எடந்தான இருக்கு?" என்றேன். "ஆமா." "மூணு வீட்டுல சாப்டீங்களே?" "ஆமா." "என்ன செய்வீங்க?" "வெளங்காதவளே, நோன்பு தெறந்த ஒடனே ஒருத்தி பசியோட இருக்கா, அவகிட்டப் போயி கேள்வி மேல கேள்வி கேக்குற" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் அக்கா தன் கல்லூரிச் செயலாளர் முன்னால் போய் நின்றிருக்கிறார். செயலாளர் ஏலக்காய் வியாபாரி. வாய்ச்சொல்லுக்கு என்ன மதிப்பு என்று தெரிந்தவர். "ரெண்டுதானம்மா சொன்னேன்?" என்று கேட்டிருக்கிறார். "மூணு வீட்டுல கை நனச்சுட்டேங்கய்யா. இப்ப மூணாவது எடம் இல்லேன்னு ஆச்சுன்னா, இனிமே நம்ம காலேசு பேரச் சொல்லிக்கிட்டு எவரும் மலையில கால் வைக்க முடியாது." அதற்குச் செயலாளர், "திங்கிறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுருக்கலாமுல்ல?" என்றாராம். மலையில் டவர் கிடைக்கவில்லை என்று அக்கா சொல்லியிருக்கிறார். அதே முற்றத்தில் உட்கார்ந்து நான் வீட்டுக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன் என்பதை நான் எவரிடமும் சொல்லவில்லை. வரலாற்றுத் துறையில் பேச்சிக்கு ஓர் இடம் பிறந்தது.

அக்கா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். நான் இன்னும் மலையேறுகிறேன். பெண்களின் ஆட்டத்தை இப்போது போனிலேயே அனுப்பிவைக்கிறார்கள். பார்த்து முடிவு செய்துவிட்டுத்தான் பலர் வேனே எடுக்கிறார்கள். எது மேல்நோக்கி ஆடியது, எது கீழ்நோக்கி என்று அந்தத் துண்டுப் படங்களில் தெரியாது. மண்டலங்களை மறுபடியும் மாற்றப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. மாற்றட்டும். எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் தள்ளினாலும் அணி கட்டத் தெரியும் என்ற தெம்பு எனக்கு வந்துவிட்டது. அந்தத் தெம்பு வந்தது பேச்சி சேர்ந்த அந்த வருடத்தில்தான்.

அந்த வருடம் நகரத்து மண்டலத்தில் எங்களை யாரும் கணக்கிலேயே வைக்கவில்லை. ஐந்து வீட்டில் சாப்பிட்ட கல்லூரியை அவர்கள் மைதானத்திலேயே வென்றோம். அவர்கள் எடுத்துப்போன பெண் எங்களுக்கு எதிராக ஒரு கோல் அடித்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் ஜோதியின் தோளில் சாய்ந்து அழுதாள். அந்தப் பக்கம் கம்பமும் தன் மண்டலத்தை ஜெயித்து வந்தது. பழைய ஏற்பாட்டில் எங்களில் ஒருவர்தான் வந்திருக்க முடியும். இப்போது மண்டலங்களுக்கு இடையிலான இறுதியாட்டத்தில் இருவரும் எதிரெதிரே நின்றோம். மதுரை வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு லயத்து மக்கள் இரண்டு வரிசை நிறைய உட்கார்ந்திருந்தார்கள். வழக்கம்போல் அக்கா என்னோடு பேசவில்லை.

கம்பம் ஒரு கோல் முன்னால். ஆட்டம் முடியும் தறுவாயில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அடிக்கப் போனவள் ஜோதி. கோலில் பேச்சி, அந்தப் பெரிய கம்பங்களுக்கு நடுவே இன்னும் குட்டையாகத் தெரிந்தாள். "மேல அடி, ஜோதி! மேல!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மேல்மூலைக்குப் போனால் அவளால் தொட முடியாது, என் கணக்கில் பிசகே இல்லை. ஆனால் நெருக்கடி நேரத்தில் யாருக்கும் பழகியதுதான் வரும். ஜோதி சரிவு மைதானத்தில் அடிப்பதுபோல் தரையோடு அடித்தாள். அவள் எங்கே அடிப்பாள் என்று பிறந்ததிலிருந்து பக்கத்து வீட்டில் இருப்பவளுக்குத் தெரியாதா? பந்து கிளம்புமுன்பே பேச்சி அந்தப் பக்கம் விழுந்துகிடந்தாள். எழுந்தபோது பந்து அவள் நெஞ்சோடு இருந்தது.

கோப்பை போயிற்று. எங்கள் பெண்கள் மைதானத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். எங்கோ படபடவென்று கைதட்டும் சத்தம் கேட்டது. அது என் கைகள்தான் என்று தெரியவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, சந்தோஷம் தாங்கவில்லை, நிறுத்த முடியவில்லை. பக்கத்தில் நின்ற அக்கா மைதானத்தைவிட்டுப் பார்வையை எடுக்காமலே என் இரண்டு கைகளையும் பிடித்துக் கீழே இறக்கினார்.

"போதும் தங்கச்சி. ஒம் பிள்ளைக பாக்குதுக."